“மருந்து ஒத்துக்கொள்ளாது” என்றால், எந்த மருந்து?



பள்ளி தொடங்கும்போது முதலாம் ஆண்டு மாணவர்களின் விவரப் படிவங்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வாமை பற்றிய கட்டத்தில் பலர் கோடு இழுத்து விடுகின்றனர். சிலர், “மருந்து ஒத்துக்கொள்ளாது” என்று எழுதுகின்றனர். எந்த மருந்து என்று கேட்டால், “கிளினிக்கில் கொடுத்த பிங்க் கலர் மருந்து, டீச்சர்” என்பார்கள். அந்த நிறத்தில் எத்தனையோ மருந்துகள் உள்ளன!

சுங்கை சிப்புட், தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத் தோட்டங்களில் நம் பெற்றோர் வாழ்ந்த காலத்தில் டிரசர் இருந்தார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. லயத்தில் யாருக்கு எந்த ஊசி ஆகாது என்பதை அவர் அறிந்திருப்பார். அவருடைய வைத்தியம் குறையற்றது என்று நான் வாதிடவில்லை. ஆனால், அந்தச் செய்தி ஓரிடத்தில் தங்கியிருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கு வந்தன. இன்று ஒரு கிளினிக், அடுத்த மாதம் வேறொன்று. ஒரு கிளினிக்கின் பதிவேடு மற்றொன்றுக்குத் தெரியாது. ஆகவே, டிரசரின் அந்த வேலையை இனிப் பெற்றோரே செய்தாக வேண்டும்.

பென்சிலின் என்பது ஒரே மருந்தன்று, ஒரு குடும்பம். அமோக்சிசிலின், அம்பிசிலின், கிளாக்சாசிலின் என ஈற்றில் ‘சிலின்’ வருவதைக் கொண்டு உறவை அறியலாம். (இலக்கணம் இங்கும் உதவுகிறது!) ஆனால், வணிகப் பெயர்கள் இந்த உறவை மறைத்துவிடும். ஆக்மெண்டினுக்குள் இருப்பதும் அமோக்சிசிலின்தான். அண்ணனுக்கு வாங்கி மீந்த மருந்தைத் தம்பிக்கு ஊற்றும் வழக்கம் ஆபத்தாவது இதனாலும்தான்.

உண்மையான உடனடி ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து உட்சென்ற ஒரு மணி நேரத்திற்குள் வெளிப்படும். உடலெங்கும் அரிப்புடன் தடிப்புகள் எழும். உதடும் கண்ணிமையும் வீங்கும். குரல் கம்முதல், மூச்சிரைப்பு, தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவை தோன்றினால் 999ஐ அழைக்க வேண்டும். பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது தவறு. அந்நேரத்தில் உயிர் காப்பது தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே. தேறிய பின்னும் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால்தான் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கின்றனர். இன்னொரு வகை சில நாள்களோ வாரங்களோ கழித்துக் காய்ச்சலுடன் வரும். தோலில் கொப்புளம், வாயிலும் கண்ணிலும் புண் தோன்றும். அதற்கும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதன் மறுபக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. பென்சிலின் ஆகாது என்று நம்பியிருப்போரை அமெரிக்காவில் முறையாகச் சோதித்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இல்லை எனத் தெரியவந்தது. வெறும் வயிற்றுப்போக்கு ஒவ்வாமை ஆகாது. காய்ச்சலின்போது பிள்ளைகளின் உடலில் தோன்றும் சிவப்புப் புள்ளிகள் பல நேரங்களில் கிருமியால் வருபவை; பழி மருந்தின்மேல் விழுகிறது. சிறு வயதில் உண்மையாகவே இருந்த ஒவ்வாமையும் பத்தாண்டுகளில் பெரும்பாலோரிடம் மறைந்துவிடுகிறது. தவறான முத்திரையால் கேடு இல்லையா? உண்டு. வாதக் காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குப் பல ஆண்டுகள் பென்சிலின் ஊசி தேவைப்படும். அதைக் காரணமின்றி மறுப்பது சிறிய இழப்பன்று. எனினும், வீட்டிலேயே கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் வேலை கூடவே கூடாது. அது மருத்துவர் செய்ய வேண்டியது.

எனவே, படிவத்தில் முழு விவரத்தையும் எழுதுங்கள்: மருந்தின் பெயர், ஆண்டு, எத்தனையாவது வேளையில் வந்தது, என்ன நேர்ந்தது, எங்கே சிகிச்சை பெற்றீர்கள். தடிப்பு தோன்றினால் கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துப் பையை எறிந்துவிடாதீர்கள். அதில் பெயர் இல்லையென்றால் முகப்பிலேயே கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனை மருந்தகங்கள் ஒவ்வாமை அட்டை வழங்குகின்றன. அதன் நகலொன்றை வகுப்பாசிரியரிடமும், இன்னொன்றைப் பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமும் கொடுத்து வையுங்கள்.