கலைஞனின் எதிர்க்குரல்

கலைஞனின் கடமை மகிழ்விப்பது மட்டுமன்று; தன் காலத்தின் பிழையைச் சுட்டுவதுமாகும். அதனைப் பொறுப்புடன் செய்தவர் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் பிராங்க் ஜாப்பா (1940–1993).

பாடல்களில் மலிந்துவரும் வன்முறையும் ஆபாசமும் இளையோரைக் கெடுக்கும் எனக் கருதிய பெற்றோர் அமைப்பொன்று, இசைத்தட்டுகளில் எச்சரிக்கைக் குறியீடு வேண்டுமெனக் கோரியது. அமெரிக்கச் செனட் அவையின் குழு, 1985 செப்டம்பர் 19 அன்று இது குறித்து விசாரித்தது. அங்குச் சென்ற ஜாப்பா, இக்கோரிக்கை தணிக்கைக்கு வழிவகுக்கும் என வாதிட்டார். மறுப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. பாடல் வரிகளை அச்சிட்டு இசைத்தட்டுடன் வழங்கினால், பெற்றோரே படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என மாற்றுவழியும் கூறினார்.

பெற்றோரின் கவலையைப் புறந்தள்ள இயலாது. ஆயினும், எதைக் கேட்கலாம் என்பதை அதிகாரம் தீர்மானிக்கத் தொடங்கினால், அது பாடலோடு நிற்குமா? நாளை நாளிதழுக்கும் நாடகத்துக்கும் அதே அளவுகோல் வரக்கூடும். ஆகவே, ஜாப்பாவின் எதிர்ப்பு நியாயமானதே.

இசை நிறுவனங்கள் இறுதியில் குறியீட்டை ஏற்றுக்கொண்டன. ஜாப்பா சோர்ந்துவிடவில்லை. 1988இல் தம் இசை நிகழ்ச்சிகளுக்கு வந்த அமெரிக்க இளைஞர்கள் அரங்கிலேயே வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ள ஏற்பாடு செய்தார். அரசை மட்டுமன்றித் தம் இசைக்குழுவினரிடையே போதைப்பொருள் பழக்கத்தையும் அவர் கண்டித்தார்.

மாணவர்களே! குறைகூறுவது எளிது. காரணங்காட்டி மறுப்பதும், மாற்றுவழி காண்பதும், தம்மைச் சார்ந்தோரின் தவற்றையும் கண்டிப்பதும் அரிது. ஜாப்பா விட்டுச்சென்ற மரபு அதுவே.