இந்த வயதில் எதற்கு?

44 வயதில் மிதிவண்டி ஓட்டப் பழகி வருகிறேன். இரு கால்களும் தரையில் ஊன்றும்படி இருக்கையைத் தாழ்த்தி, பெடல்களைக் கழற்றிவிட்டு, காலால் உந்தி உந்திச் சமநிலை பழகுவதே முதற்பாடம். பார்வை முன்சக்கரத்தில் விழுந்தால் வண்டி தடுமாறுகிறது. பாதையில் பதிந்தால் நேராகச் செல்கிறது. கீழே விழுந்ததைவிட, பார்த்தவர்கள் கேட்ட கேள்விதான் அதிகம் வலித்தது: "இந்த வயதில் எதற்கு?"

இக்கேள்வி எனக்குப் புதிதன்று. குர்ஆன் ஓதக் கற்க வரும் ஐம்பது வயதுப் பெண்கள் இதற்கு அஞ்சியே கடைசி வரிசையில் ஒடுங்குகின்றனர். சிலர் மறுவாரம் வருவதில்லை. அவர்களுக்கு மக்ரஜ் பிசகியபோது சிறுமியர் சிரித்ததை நான் கண்டிக்காமல் விட்டதுண்டு. அல்லாஹ் மன்னிப்பானாக!

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களிடம் கொண்டு சேர்த்தது. வயல்களிலும் கல்குவாரிகளிலும் உழைத்த பெண்கள் கூச்சம் துறந்து ஏறிப் பழகினர். நபித்தோழர்கள் முதிர்ந்த வயதிலும் கற்றதை இமாம் புகாரி (ரஹ்) தமது நூலின் கல்விப் பகுதியில் குறிப்பிடுகிறார்கள். குர்ஆனைச் சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரு கூலி உண்டென்பது நபிமொழி.

எனவே, மத்ரஸாக்கள் வயது முதிர்ந்தோருக்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். கற்பிப்போரும் தமக்குத் தெரியாத ஒன்றைப் புதிதாகக் கற்க வேண்டும். அலிஃபில் தொடங்குபவரின் கூச்சம் அப்போதுதான் நமக்குப் புரியும், இன்ஷா அல்லாஹ்.