புரியவில்லை, இன்னொரு நாள் வா!



1910ம் ஆண்டு, டிசம்பர் மாதம். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். குள்ளமான, பருத்த உருவம். மழிக்காத முகம். அழுக்கு உடை. கையிடுக்கில் நைந்துபோன ஒரு நோட்டு. கல்லூரித் தேர்வில் தேறாதவர், வேலையும் கிடையாது. கண்கள் மட்டும் பளிச்சென்று மின்னின.

இப்படி ஒருவர் வந்தால் பெரிய அதிகாரிகள் என்ன செய்வார்கள்? வாசலோடு அனுப்பி விடுவார்கள். ராவ் உள்ளே வரச் சொன்னார். இளைஞர் நோட்டைத் திறந்து தன் கணக்குகளை விளக்கினார். ராவ் கணிதம் தெரிந்தவர்தான். ஆனாலும், அவர் சொல்வது சரியா, வெறும் உளறலா என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. நாமாக இருந்தால் உளறல் என்று முடிவு கட்டியிருப்போம். ராவ் எந்த முடிவுக்கும் வராமல், இன்னொரு நாள் வரச் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அவரும் மீண்டும் வந்தார். கேட்பவருக்கு எவ்வளவு புரியும் என்று தெரிந்துகொண்டு, எளிய கணக்குகளைக் காட்டி, படிப்படியாக மேலே அழைத்துப் போனார். அசந்துபோன ராவ், "என்ன வேண்டும்?" என்று கேட்டார். கவலையில்லாமல் கணக்குப் போட, வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம் போதும் என்றார் இளைஞர். மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார் ராவ்.

அந்த இளைஞர்தான் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன். 1914ல் இங்கிலாந்து சென்றார். 1918ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

25 ரூபாயை வேறு யாராவது கூடக் கொடுத்திருக்கலாம். புரியாத பேச்சை இரண்டாவது முறையும் உட்கார்ந்து கேட்க எத்தனை பேர் இருப்பார்கள்?

உங்கள் வகுப்பிலும் காலர் கிழிந்த சட்டையோடு, திக்கித் திக்கிப் பேசும் ஒரு பையனோ, பெண்ணோ இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குள் ஒரு ராமானுஜன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மேதையாக இருந்தால்தான் பழகுவேன் என்றால், அதற்குப் பெயர் நட்பல்ல, வியாபாரம்!

பாதியிலேயே, "சரி சரி, தெரியும்" என்று வெட்டுவதும், மொபைலைப் பார்த்துக்கொண்டே, "ம்" போடுவதும் கேட்பதாகாது. வீட்டில் பாட்டி பேசும்போதும் இதுதானே நடக்கிறது?

திங்கட்கிழமை மதியம், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். சொல்வதை முடிக்கும் வரை கேளுங்கள். புரியவில்லை என்றால், "இன்னொரு தடவை சொல்லு" என்று கேளுங்கள். மணி அடித்துவிட்டால், "நாளைக்கும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.