‘தேய்மானம்’ என்கிற சொல் செய்யும் தீங்கு

என் பெரியம்மாவுக்கு 58 வயது. சில ஆண்டுகளுக்கு முன்பு இடுப்புவலி என்று மருத்துவரிடம் போனார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, “எலும்பு தேய்ஞ்சிருக்கும்மா, பார்த்து இருந்துக்குங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து பெரியம்மா குனிவதை நிறுத்தினார். தரையில் உட்காருவதை விட்டார். வாசல் கோலம் மருமகள் கைக்குப் போனது. இடுப்பில் பெல்ட் ஏறியது. எல்லாவற்றையும் விட்ட பிறகும் வலி அவரை விடவில்லை.

சொல் ஊட்டும் அச்சம்: செருப்பு தேயும், டயர் தேயும். எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் தேயும். ‘தேய்மானம்’ என்று கேட்டதும் இதே கணக்கை உடலுக்கும் போட்டுவிடுகிறோம். அசையாமல் இருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று நம்புகிறோம். உடலின் கணக்கு வேறு. மூட்டுக் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. எடை இறங்கும்போது அதிலிருந்து நீர் பிழியப்படுகிறது. எடை விலகும்போது ஊட்டத்தோடு திரும்ப ஊறுகிறது. நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் பிழைப்பும் ஏறக்குறைய இப்படித்தான்.

தசையோ இன்னும் அவசரக்காரர். நலமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை குறைந்திருந்தது.

படம் சொல்வது என்ன?: முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015இல் வெளியானது. 20 வயதினரில் 37% பேருக்கும், 80 வயதினரில் 96% பேருக்கும் வட்டுகளில் ‘தேய்மானம்’ தெரிந்தது. அதாவது, தலை நரைப்பதுபோல முதுகும் மூப்படைகிறது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது.

கை திறக்கும் கதவு: நீவிவிட்டால் வலி குறைகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. ஆனால், விலகிய எலும்பை யாரோ இடத்தில் பொருத்திவிட்டதால் கிடைக்கும் சுகம் அல்ல அது. பழகிய கையின் அழுத்தம் நரம்பு மண்டலத்தின் பதற்றத்தைத் தணிக்கிறது. இறுகிய தசை சற்று நேரம் இளகுகிறது. அந்தச் சற்று நேரத்துக்குள் உடலை அசையப் பழக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் ‘தொக்கணம்’ எனப்படும் நீவுதல் முறை ஒன்பது வகை. தட்டல், பிடித்தல், அழுத்தல் எனப் போகும் அந்த வரிசையில் அசைத்தலும் ஒன்று என்பதை மறக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக அது கணக்கிடுகிறது. உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல், மசாஜ் ஆகியவற்றைப் பரிந்துரைக்கும் அந்த அறிக்கை, பெல்ட், முதுகை இழுத்துவைக்கும் டிராக்‌ஷன், நம்மூரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் மின்தூண்டல் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. நம் சிகிச்சை அறைகளில் பெரும்பாலான நேரத்தை இவைதானே எடுத்துக்கொள்கின்றன!

ஸ்டூலும் பெரியம்மாவும்: கடைசியில் பெரியம்மா போய்ச் சேர்ந்தது ஓர் இளம் இயன்முறை சிகிச்சையாளரிடம். முதுகைப் பத்து நிமிடம் நீவிவிட்ட அந்தப் பெண், “அம்மா, கையை ஊன்றாம இந்த ஸ்டூல்ல இருந்து எழுந்திரிங்க” என்றார். பெரியம்மா என்னைப் பார்த்தார்; பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்: “தேய்ஞ்சுடாதா பாப்பா?” “தேயாதும்மா, பலமாகும்.” முதல் நாள் மூன்று முறை. இரண்டாம் வாரம் பத்து முறை. அடுத்து உயரம் குறைந்த ஸ்டூல். மூன்றாம் மாதம் தரையில் உட்கார்ந்து எழுந்தார். வலி முழுதாகப் போய்விடவில்லை; ஆனால், கோலப்பொடி டப்பா அவர் கைக்குத் திரும்பிவிட்டது.

எல்லா வலியும் இப்படியல்ல. சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, கால் வலுவிழப்பது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, கீழே விழுந்த பிறகு வரும் வலி ஆகியவற்றுக்குத் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

செய்ய வேண்டியவை: தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. நடமாட முடியாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அந்த நிலைக்குப் போகும் முன்பே பிடித்து நிறுத்த, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்தச் சேவை வேண்டும். இயந்திரங்களை வாங்கிக் குவிப்பதைவிட, ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஆட்களை நியமிப்பது முக்கியம்.

அதற்கு நிதி வேண்டும், காலம் பிடிக்கும். ஆனால், படத்தைக் கையில் எடுத்ததும் மருத்துவர் சொல்லும் முதல் வாக்கியத்தை நாளைக்கே மாற்றலாம்: “வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும்மா. பயப்படாம நடங்க.”