நான்காவது காம்பு

எங்கள் வீட்டில் பால் கறப்பது அம்மாவின் முன்னிலையில் மட்டுமே நடக்கும் காரியம். கறவைக்காரர் செம்புடன் குந்தியதும், கொட்டில் தூணில் சாய்ந்தபடி, அவர் கை எந்தக் காம்பில் இருக்கிறது என்பதையே அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று காம்பு வீட்டுக்கு, நான்காவது கன்றுக்கு என்று அவள் வகுத்த பாகப்பிரிவினையில், விருந்து வந்தாலும் பண்டிகை வந்தாலும் மாறுதல் கிடையாது. சீம்பாலும் கன்றின் வயிறு நிறைந்த பிறகே எங்களுக்கு. ஈன்ற சில மணி நேரத்துக்குள் அதைக் குடிக்கும் கன்றே நோயைத் தாங்கும் என்று கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னாளில் எனக்கு விளக்கினார். அம்மாவுக்கு அந்த சாஸ்திரம் தெரியாது.

ஒரு மார்கழியில் எங்கள் மயிலைப் பசுவின் கன்று கழிச்சல் கண்டு இறந்துபோயிற்று. இறந்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தாயின் முன்னால் நிறுத்தி, அது நக்கியவாறு பால் சுரக்கையில் கறந்துகொள்வது அந்நாளில் கிராமங்களில் சகஜம். அதற்குப் பெரியப்பா ஆளனுப்பியபோது, அதுவரை அவர் எதிரே வாய் திறந்தறியாத அம்மா, கொட்டில் வாசலை மறித்து நின்று, "கன்னைப் பறிகொடுத்தவளை ஏமாத்திக் கறக்கிற பாலு எம் புள்ளைங்களுக்கு வேணாங்க" என்றாள். மூன்று இரவுகள் பசு கதறிற்று. மூன்று இரவும் அம்மா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்திருந்தாள். மடி கனத்து வலிக்காதபடி சிறிது சிறிதாகக் கறந்த பாலைத் தெருநாய்க் குட்டிகளுக்கு ஊற்றினாள். நாங்கள் கருப்பட்டிக் காப்பி குடித்தோம்.

பால் பெருக்குவதற்காகக் கறவை மாட்டை வதைக்கும் முறைகளைக் குற்றமாக்கிய 1960ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் எழுப்பிய குரலின் பலன். வைக்கோல் கன்றைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த அம்மையாரின் பெயரை என் தாயார் கேள்விப்பட்டதும் இல்லை. ஆயினும் இருவரும் ஒரே பக்ஷத்தில் நின்றவர்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

பாட்டியான பின் பேத்திக்கு அவள் கற்பித்த முதல் பாடம், கோலத்துக்குக் கல்மாவு ஆகாது, எறும்பு தின்னும் அரிசி மாவே வேண்டும் என்பது. இரண்டாவது பாடம் கொட்டிலில் நடந்தது.

அம்மா போய் வருகிற தையோடு ஒரு வருஷம் ஆகிறது. மயிலையின் வம்சத்தில் வந்த பசு ஒன்று சென்ற வாரம் ஈன்றிருக்கிறது. கறக்கும் நேரத்தில் தூணருகே என் மகள் நிற்கிறாள். நான்காவது காம்பை யாரும் தொடுவதில்லை.