கண்டுபிடிக்கும் கருவி வேண்டாம், வரைவைக் கேளுங்கள்

சென்னையைப் போர்ட் பிளேரோடும் பிற தீவுகளோடும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்படத் தொடங்கியது. அதுவரை செயற்கைக்கோளை நம்பி, ஒரு பாடக் கோப்பை இறக்கவே காத்துக் கிடந்த இடம் அந்தமான். இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை, சாட்ஜிபிடி வந்துவிட்டது. இணையத்தில் தேடி, படித்து, தேறியதைப் பொறுக்கும் பழக்கம் வேரூன்றுவதற்குள் எழுதிக்கொடுக்கும் இயந்திரமே மாணவர் கைக்கு வந்து சேர்ந்தது.

அசைன்மென்ட்டைத் திருத்தும் ஆசிரியர்களின் எரிச்சல் புரிகிறது. எழுதியது மாணவரா இயந்திரமா என்று மென்பொருளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முனைவதைத்தான் நாம் எதிர்க்கிறோம். அத்தகைய ஏழு கருவிகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாமே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் எழுத்து என்றன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதாதென்று அதே ஆண்டில் விலக்கிக்கொண்டது.

இந்தத் தவறு அந்தமானில் யார் தலையில் விழும்? 2011 கணக்கெடுப்பின்படி இங்கே வங்காளிகள் 28 சதவீதத்துக்கு மேல், தமிழர்கள் சுமார் 15 சதவீதம். தெலுங்கரும் நிக்கோபாரிகளும் மலையாளிகளும் உண்டு. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். மூன்றாம் மொழியில் எழுதும் பிள்ளை தெரிந்த சொற்களைக் கொண்டு எளிய வாக்கியங்களைத்தான் கட்டும். கருவி சந்தேகப்படுவதும் அத்தகைய வாக்கியங்களைத்தான். கருத்துத் திருட்டைத் தடுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளும் இங்கே உதவா. அவை ஆய்வேடுகளில் பிற நூல்களோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று அளப்பவை. இயந்திரமோ எதையும் வரிக்கு வரி நகலெடுக்காமலே எழுதித் தள்ளுகிறது.

தடை போட்டும் பயனில்லை. சாட்ஜிபிடி போன்ற இயந்திரங்களான பெர்ப்ளெக்சிட்டியை ஏர்டெல்லும் ஜெமினியை ஜியோவும் 2025-இல் தம் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டன.

மாற வேண்டியது கேள்வி. 'சுற்றுலாவின் நன்மை தீமைகள்' என்று கேட்டால் இயந்திரம் எழுதிய பதில்தான் வரும். அந்தக் கேள்விக்கு அது போதும் என்றுகூடச் சொல்லலாம். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்று என்ன தொழில் செய்கின்றன? 1942-க்கு முன்பே இங்கே குடியேறிய 'பிரீ-42' குடும்பங்களில் ஜப்பானியர் ஆண்ட காலத்தைப் பற்றி இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு இடம்பெயர்ந்த ஊர் பழைய பெயரை ஏன் விடவில்லை? இவற்றை நேரில் போய்க் கேட்டுத்தான் எழுத முடியும். கேட்காமலே இயந்திரம் ஒரு பாட்டியைக் கற்பனை செய்து தரும் என்பதும் தெரிந்ததுதான். அதனால்தான் குறிப்பேட்டையும் முதல் வரைவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறோம்.

முதல் வரைவு வகுப்பறையிலேயே, கையால், தமிழிலோ இந்தியிலோ வங்காளத்திலோ எழுதப்படட்டும். பிறகு ஆங்கிலத்துக்குப் போகட்டும். அந்தக் கட்டத்தில் இயந்திரத்தின் உதவியை நாடினால் எங்கே, எதற்கு என்று மாணவர் எழுதித் தரட்டும். கடைசியில் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பாதியாவது இந்த வரைவுகளுக்கும் பேச்சுக்கும் போக வேண்டும்.

வகுப்பு நிறைய மாணவர்களை வைத்துக்கொண்டு இது நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். இப்போதுள்ள அசைன்மென்ட் எண்ணிக்கையோடு நடக்காது. ஒரு தாளுக்கு ஒரு செமஸ்டரில் ஒரே கட்டுரை, மூன்று வரைவு என்று குறைத்தால் நடக்கும். 1967-இல் தொடங்கிய போர்ட் பிளேர் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியிலும் மாயாபந்தர் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரியிலும் ஏதேனும் ஒரு துறை வரும் செமஸ்டரிலேயே இதைத் தொடங்கலாம். மதிப்பெண் பங்கீட்டை மாற்றத்தான் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும். கேள்வியை மாற்ற ஆசிரியர் மனம்வைத்தாலே போதும்.