துடைப்பம் யார் கையில்?

கட்டணப் பள்ளிகளின் விளம்பரங்களைப் பாருங்கள் தோழர்களே. மூன்று வயதுக் குழந்தை தரை பெருக்குகிறது, குவளையில் தண்ணீர் ஊற்றுகிறது, பயறு பிரிக்கிறது. விளையாட்டு வழிக் கல்வியாம், மாண்டிசோரி முறையாம். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தொடங்கிய முறை அது. 1939இல் அவரே அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். சேரிக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

விளையாட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. புளியங்கொட்டையில் எண்ணுவதும் களிமண்ணில் மாடு செய்வதும் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? கை பழகினால்தான் எழுத்து வரும், சரி. ஆனால் நாங்கள் போய்ப் பார்த்த ஓர் அங்கன்வாடியில் துடைப்பம் காலனிப் பிள்ளைகள் கையில் மட்டுமே இருந்தது. தண்ணீர்க் குடத்தை அவர்கள் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டோம். “அப்படியே பழகிடுச்சு சார்” என்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துப் பெருக்கியிருந்தால் நாங்களே கைதட்டியிருப்போம். ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் பெருக்குவதைச் சாதித்தொழில் பயிற்சி என்றுதான் சொல்ல முடியும். அதுவும் மூன்று வயதில்.

மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் கேள்விதான். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்து அங்கன்வாடி திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே உத்தரவிட்டுவிட்டது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தோழர்கள் ஒரு காலைப்பொழுது அங்கன்வாடி வாசலில் உட்காருங்கள். யார் பெருக்குகிறார்கள், யார் குடத்தில் மொள்கிறார்கள், யாருடைய தட்டு தனியாக இருக்கிறது என்று எழுதி வையுங்கள். தேதி போட்டு எழுதுங்கள்.